விரிசலுக்கு யாரைக் கூப்பிடுவது? வீட்டின் அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

சுவரில் கீறல் விழுந்தால் குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் முதலில் வருபவர் பெயின்டர். அடுத்து வருபவர் மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுப் பூச்சு அடிப்பவர். இருவரும் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போவார்கள்; கீறலும் மறைந்துவிடும். மறு வருடம் அது திரும்ப வரும்போது, எங்கே தொடங்கியது, எந்த முனை அகலமாக இருந்தது, எத்தனை மாதத்தில் வளர்ந்தது என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடுகிறவர்) பார்க்க வேண்டிய வீடு என்றால், பூசுவதற்கு முன்பே அவர் பார்க்க வேண்டும்.

எல்லாக் கீறலுக்கும் அவர் தேவையில்லை. முக்கால்வாசிக்கு நல்ல கொத்தனார் போதும். கீறலின் அகலத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் வீண், தைரியமாக இருப்பதும் வீண். அது எந்த உறுப்பில் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, வளர்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பூச்சில் 2 மி.மீ. கீறல் பல வருடம் சும்மா கிடக்கும். பில்லரில் நெடுக்காக ஓடும் அரை மி.மீ. கீறல் குடும்பத்தையே வெளியேற வைக்கலாம்.

தொடங்கும் முன்: வீட்டின் வகையும் கையில் வேண்டிய சாமான்களும்

உங்கள் வீடு சுவர் தாங்கும் வீடா, பில்லர் தாங்கும் வீடா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அறை மூலைகளில் 9 இஞ்ச் அல்லது 12 இஞ்ச் பில்லர் துருத்திக்கொண்டு, தளத்துக்கு அடியில் பீம் தெரிந்து, உள்சுவர்கள் நாலரை இஞ்ச் கனத்தில் இருந்தால் பெரும்பாலும் பில்லர் வீடு. கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் 9 இஞ்ச் செங்கல்லோ வெட்டுக்கல்லோ ஏற்றி, அதன் மேல் நேராகத் தளம் உட்கார்ந்திருந்தால் சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் மூன்றாவது ரகம் ஒன்றும் நிறைய உண்டு. கீழ்த்தளம் பழைய வெட்டுக்கல் வீடு. மேல்தளம் வெளிநாட்டுப் பணம் வந்தபின் பில்லர் போட்டு ஏற்றியது. அந்தப் பில்லர்கள் தரைவரை இறங்குகின்றனவா, கீழ்ச் சுவரின் மேலேயே நின்றுவிட்டனவா என்பது அந்த வீட்டின் பெரிய கேள்வி. பதில் தெரியாவிட்டால் கீழே வரும் அறிகுறிகள் எல்லாவற்றையும் ஒரு படி கூடுதல் கடுமையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்: டார்ச், பென்சில், ஸ்டீல் ஸ்கேல், தூக்குக்குண்டு, கொத்தனாரின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), நைலான் நூல், சின்னச் சுத்தியல், வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி). கீறலின் அகலத்தைத் தோராயமாக அறியத் தனிக் கருவி வேண்டாம். ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. கார்டின் ஓரம் நுழையாவிட்டால் மெல்லிய கீறல். ஒரு கார்டு நுழைந்தால் 1 மி.மீ. பக்கம். இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தால் ஒன்றரை மி.மீ.க்குக் குறையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விரிசல் கையேடு 1 மி.மீ.க்குக் கீழே மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது.

இவை தெரிந்தால் முதலில் வெளியேறுங்கள், போன் பிறகு

பில்லரில் கான்கிரீட் வெடித்து உள்ளே கம்பி வெளிப்பக்கம் வளைந்து தெரிவது. பீம் தாங்கும் இடத்தில் சாய்வான விரிசல் திடீரென விழுவது. நேற்று வரை எளிதாகச் சாத்திய கதவுகள் இன்று பல இடங்களில் ஒரே நேரம் இறுகுவது. தளத்திலிருந்து கட்டி கட்டியாகக் கான்கிரீட் விழுவது. வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச்சுவருக்கு இணையாக மண்ணில் நீளமான பிளவு திறப்பது.

ஆளை வெளியேற்றியபின் மேல் டேங்கைத் திறந்து வடித்துவிடுங்கள். 1000 லிட்டர் என்பது ஒரு டன். அதைவிட வேகமாகப் பாரம் குறைக்க வீட்டில் வேறு வழியில்லை. தண்ணீர் சுவரோரம் பாயாதபடி குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள்.

சென்டிரிங் ஜாக்கி (தளத்தைத் தற்காலிகமாகத் தாங்கும் இரும்பு முட்டு) கொடுக்க ஆள் கிடைத்தால் இரண்டு விஷயத்தைச் சொல்லுங்கள். ஜாக்கியை இறுக்கித் தளத்தைத் தூக்கக் கூடாது. ஒட்டி நின்றால் போதும். சாதாரண பீமில் இழுவிசை அடிப்பக்கம் என்பதால் முக்கியக் கம்பி கீழேதான் அதிகம் இருக்கும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் மேல்பக்கம் விரிந்து புதிய விரிசல் விழும். இரண்டாவது, மாடித் தளத்துக்குக் கொடுத்த ஜாக்கியின் பாரம் கீழ்த்தளத்தின் மேல் இறங்குகிறது; அதே நேர்க்கோட்டில் கீழேயும் ஜாக்கி வைத்துத் தரைவரை கொண்டுபோக வேண்டும். அடியிலும் தலையிலும் பலகை வையுங்கள்.

அறிகுறி: சுவரில் கீறல்

வலை போலப் பரவிய மெல்லிய கோடுகள் பூச்சின் சுருக்கம். சிமெண்ட் கூடிப்போனது, நனைப்புக் குறைந்தது, பாறைப்பொடியில் தூள் அதிகம் இருந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் (உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஒலி) வந்தால் அந்த இடத்தைக் கொத்திப் பூசினால் போதும்.

பில்லரும் செங்கல்லும் சேரும் இடத்தில் செங்குத்தாகவோ, பீமுக்கு அடியில் கிடையாகவோ நேர்க்கோடாக ஓடும் கீறல் பில்லர் வீடுகளில் சர்வ சாதாரணம். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. கோட்டை அரை இஞ்ச் ஆழம் வெட்டி, இரண்டு பக்கமும் பூச்சை எடுத்து, ஓர் அடி அகலத்துக்குக் கோழிவலையோ ஃபைபர் வலையோ பதித்துப் பூச வேண்டும். இன்ஜினியர் வேண்டாம்.

சுவர் தாங்கும் வீட்டின் மேல்தளத்தில், கூரைத் தளத்துக்கு ஓரடிக்குள் கிடையாக ஓடும் கீறலும் வெயிலின் வேலைதான். சித்திரையில் தளம் நீண்டு சுவரைத் தள்ளுகிறது, மழையில் சுருங்குகிறது. சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த வெயிலுக்குத் திறக்கும். மாடியில் வெள்ளைப் பூச்சோ கூலிங் டைலோ போட்டுச் சூட்டைக் குறைத்து, கீறலை நீண்டு சுருங்கும் சீலன்ட்டால் அடைப்பதே முறை. ஆனால் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கீறலுக்கு மேலே இருக்கும் சுவர் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தால் இது பூச்சு வேலை எல்லையைத் தாண்டிவிட்டது.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் கீறலில்தான் கவனம் வேண்டும். லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் கட்டை) இரண்டு பக்கமும் போதிய நீளம் சுவரில் உட்காராவிட்டாலும் இது வரும். அப்படி வந்த மெல்லிய கீறல் ஒரு நிலையில் நின்றுவிடும். அஸ்திவாரம் இறங்குவதால் வரும் கீறல் படிக்கட்டுப் போலச் சாந்துக் கோட்டில் ஏறும், உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும், ஒரு முனை அகலமாக இருக்கும். மேல்முனை அகலம் என்றால் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழ்முனை அகலம் என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. இந்த ஒரு குறிப்பே இன்ஜினியருக்கு எங்கே தோண்டிப் பார்ப்பது என்று சொல்லிவிடும். அதனால்தான் பூசாதீர்கள் என்கிறோம்.

பீம் சுவரில் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே செங்குத்துக் கீறல், கல் நொறுங்கிப் பொடி உதிர்தல்: உடனே அழையுங்கள். பழைய வெட்டுக்கல் சுவரில் இது கூடுதல் அவசரம். ஈரம் ஊறிய வெட்டுக்கல்லின் தாங்கும் வலு உலர்ந்த கல்லைவிடக் குறைவு.

பழைய வீட்டோடு புதிதாக ஓர் அறையோ கார் ஷெட்டோ சேர்த்துக் கட்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் திறக்கும் கோடு, புதிய அஸ்திவாரம் சற்றே அமர்ந்ததால் வருவது. நின்றுவிட்டால் அதை ஓர் இணைப்பாகவே விட்டுவிடலாம். மேலே போகப்போக அகலம் கூடினால் புதுப்பகுதி சாய்கிறது.

சந்தேகமுள்ள கீறலைக் கண்காணிப்பது இப்படி. இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் கீறலுக்கு இரு பக்கமும் ஆணி அடித்து, வெர்னியரால் இடைவெளியை அளந்து அதே சுவரில் எழுதிவையுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டை அரால்டைட் வைத்துக் குறுக்கே ஒட்டினால், அசைந்ததும் கண்ணாடி உடையும். சிமெண்ட் பொட்டு வைக்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். அது தானே சுருங்கிக் கீறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளக்கலாம். சென்னைக்காரருக்கு ஒரு மழைக்காலம் போதும். குமரியில் ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் தனித்தனி என்பதால், இடையில் வரும் வெயிலையும் சேர்த்து இரண்டு மழையையும் தாண்டினால்தான் கணக்கு முடியும். ஈரத்தில் மூடி வெயிலில் திறக்கும் கீறல் களிமண்ணைக் காட்டுகிறது. மழைக்கு மழை திறந்து மூடாமலே போகும் கீறலுக்கு வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் 1 மி.மீ. கூடினாலே அழையுங்கள்.

அறிகுறி: தரை இறங்குகிறது, வீடு ஒரு பக்கம் தாழ்கிறது

நாஞ்சில் நாட்டில் வயலையும் குளத்தையும் நிரப்பிப் போட்ட மனைகளில் இது அடிக்கடி வரும் தொல்லை. செம்மண்ணோ குவாரித் தூளோ லாரி லாரியாகத் தட்டி, ஜே.சி.பி. மேலே இரண்டு தடவை ஓடியதும் மனை தயார் என்று விற்றுவிடுகிறார்கள். அடியில் பழைய வயலின் சேறு அப்படியே இருக்கிறது. நிரப்பிய மண் தன் பாரத்தாலேயே பல வருடம் அமரும். சேறு அதைவிட மெதுவாக அமுங்கும்.

முதலில் பிரித்துப் பாருங்கள்: இறங்குவது தரை மட்டுமா, சுவருமா? ஸ்கர்ட்டிங் டைலுக்கும் தரை டைலுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, தட்டினால் தரை பொள்ளலாகக் கேட்டு, சுவரில் ஒன்றுமே இல்லை என்றால் பேஸ்மட்டத்துக்குள் (தரைக்கு அடியிலுள்ள கட்டுக்குள்) நிரப்பிய மண் மட்டும் அமர்ந்திருக்கிறது. டைலைப் பெயர்த்து, மண்ணை 6 இஞ்ச் 6 இஞ்சாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பி, ஜல்லிக் கான்கிரீட் போட்டு மறுபடி டைல் ஒட்டலாம். செலவு உண்டு, ஆபத்து இல்லை. ஒரே ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். மேல் டேங்கை இரவில் நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ குழாய் ஒழுகி மண்ணை அரிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் தரை போட்டால் திரும்ப இறங்கும்.

சுவரும் இறங்குகிறதா என்று அறிய வீட்டைச் சுற்றி டியூப் லெவல் பிடியுங்கள். கட்டும்போது மட்டமாக விட்ட ஒரு கோட்டை எடுங்கள்: பேஸ்மட்டத்தின் மேல் விளிம்போ ஜன்னல் அடிக்கட்டையோ. டைல் தரையில் பிடித்துப் பயனில்லை, அதில் வேண்டுமென்றே வாட்டம் விட்டிருப்பார்கள். குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பி, ஒரு மூலையை ஆதாரமாக வைத்து மற்ற மூலைகளின் வித்தியாசத்தைத் தாளில் படம் போட்டு எழுதுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 300-இல் 1 பங்கு வித்தியாசம், அதாவது 3 மீட்டருக்கு 1 செ.மீ., என்பதைச் சுவர் விரியத் தொடங்கும் எல்லையாகப் பொறியாளர்கள் கொள்வார்கள். கட்டும்போதே சில மி.மீ. தவறியிருக்கலாம் என்பதால் அளவு மட்டும் தீர்ப்பு சொல்லாது. அந்த அளவும், அதே பக்கத்தில் சாய்வு விரிசலும் சேர்ந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டாயம்.

அவர் வருமுன் நீங்களே நிறுத்தக்கூடிய காரணங்கள் சில உண்டு. மாடித் தண்ணீர் சுவர் மூலையிலேயே விழுகிறதா? பைப்பை இறக்கிக் குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி அஸ்திவாரத்தை ஒட்டி இருக்கிறதா? பக்கத்து மனையில் உங்கள் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் விரிசல் வரும்வரை காத்திருக்காதீர்கள். மழை பெய்யும் முன் அழைத்துக் காட்டுங்கள்.

இன்ஜினியர் மண் பரிசோதனை கேட்பார். துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவது வழக்கமான முறை. நிரப்பிய மனைக்கு அந்தத் துளை நிரப்பலையும் சேற்றையும் தாண்டி உறுதியான மண்ணைத் தொட வேண்டும். பாதியில் நிறுத்திய அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் கொடுப்பது என்று முடிவானால், ஒரு மீட்டர் அளவுத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும். "ஒரு பக்கம் முழுசாத் தோண்டி ஒரே நாளில் முடிச்சிரலாம் சார்" என்கிற ஆளை அன்றே அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: தடுப்புச்சுவர் வயிறு தள்ளுகிறது

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் விளையைச் சரிவில் வெட்டி வீடு கட்டும்போது, பின்னால் ஆள் உயரத்துக்குக் கருங்கல் கட்டு எழும். வீட்டுக்கே இன்ஜினியரைக் கேட்காதவர் இதற்கா கேட்கப்போகிறார்? உயிரிழப்புக்கு வீட்டுச் சுவரைவிட இதுவே அதிகம் வாய்ப்புள்ளது. உயரம் இரட்டிப்பானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. மண்ணுக்குள் தண்ணீர் தேங்கினால் அதன் அழுத்தம் தனியாகச் சேரும்.

பார்க்க வேண்டியவை: பெருமழையிலும் வடிதுளைகள் உலர்ந்தே இருப்பது (அடைபட்டுவிட்டன என்று பொருள்), சுவர் நடுவில் உப்புவது, தூக்குக்குண்டுக்கு வெளியே தலை போவது, மேலே மண்ணில் சுவருக்கு இணையான பிளவு. ஒன்று தெரிந்தாலும் அழையுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமும் வீட்டுக்குப் பக்கமும் என்றால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

கணக்குப் போடாமல் கட்டிய கல் கட்டைக் கண்ணால் எடைபோட ஒரு வழி உண்டு. தன் எடையால் நிற்கும் கல் சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், பெரும்பாலும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரச் சுவருக்கு 60 செ.மீ. அடி என்றால் அது நிற்பது அதிர்ஷ்டம். வடிதுளைக்கு 3 அல்லது 4 இஞ்ச் பைப், ஒன்றரை முதல் 2 மீட்டருக்கு ஒன்று, பின்னால் ஓரடி ஜல்லி வடிகட்டி. அடைந்த துளையைக் கம்பி விட்டுத் திறப்பதும், மேலே ஓடிவரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்புவதும் வீட்டுக்காரர் செய்யலாம். பழைய கட்டின் தலையில் ஹாலோ பிளாக் வைத்து 3 அடி ஏற்றி மண் நிரப்பிக் கார் நிறுத்துவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அறிகுறி: துருக்கறை, கான்கிரீட் பெயர்தல்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க இதுதான் முதல் நோய். கம்பியின் வழியே நேர்க்கோடாக ஓடும் கீறல், பழுப்புக் கறை, பிறகு கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்வது என்று வரிசையாக வரும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளிருந்து பிளக்கிறது. பில்லரில் 6 முதல் 8 இஞ்சுக்கு ஒன்றாகக் கிடைக்கோடுகள் தெரிந்தால் ரிங் கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன.

காரணம் உப்புக்காற்று மட்டுமில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரக் கான்கிரீட்டுக்கு எம் 30 வலுவுள்ள கலவையும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் கேட்கிறது. பழைய வீடுகளில் அது 15 அல்லது 20 மி.மீ. தான் இருக்கும். கழுவாத கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலவையில் சேர்ந்திருந்தால் நோய் பிறவியிலேயே வந்தது.

சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டி, பொள்ளல் கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தளத்தில் ஒன்றிரண்டு சாண் அளவுத் திட்டுகள் என்றால் ஒழுங்கான கொத்தனார் போதும். பீம், பில்லர், சன்ஷேட், பால்கனி இவற்றில் ஒரு திட்டு இருந்தாலும், தளத்தில் ஓர் அறைக்கு மேல் பரவியிருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

ஒழுங்கான வேலை என்றால் என்ன? கம்பிக்குப் பின்னால் 20, 25 மி.மீ. வரை கொத்தி எடுத்து, துருவில்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் போக வேண்டும். ஒயர் பிரஷ் போட்டுப் பளபளக்கத் தேய்த்து, வெர்னியரால் கனம் பார்க்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரும்பின் குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் கூடுதல் கம்பி எங்கே, எவ்வளவு, எப்படிப் பிடிப்பது என்பதைக் கணக்குப் போட்டவர்தான் சொல்ல வேண்டும். பிறகு துத்தநாகப் பிரைமர், பிடிமானப் பூச்சு, பாலிமர் கலந்த சாந்து. துரு மேலேயே சிமெண்ட் அப்பிய ஒட்டு ஓரிரு வருடத்தில் விழும். உப்பை உள்ளேயே விட்டுவிட்டு நடுவில் மட்டும் புதுச் சாந்து வைத்தால், ஒட்டைச் சுற்றியிருக்கும் பழைய பகுதிக் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி வட்டமாகப் பெயர்வது இதனால்தான்.

சன்ஷேடும் பால்கனியும் தனிக் கதை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பதால் அவற்றின் உயிர்க்கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது அடிக்குப் போய்விடுவது சகஜம். அப்படிப்பட்ட சன்ஷேடு வருடக்கணக்கில் நின்றுவிட்டு, பெயின்ட் அடிக்க ஏறியவரோடு விழும். மேல்பக்கம், சுவரை ஒட்டிய கோட்டில் கீறல் இருக்கிறதா என்று மாடியிலிருந்து பாருங்கள். இருந்தால் யாரும் ஏறக் கூடாது, பூந்தொட்டியும் ஏ.சி. வெளி யூனிட்டும் இறங்க வேண்டும்.

இன்ஜினியர் கேட்கக்கூடிய சோதனைகளைத் தெரிந்துவைத்தால் ஏமாற மாட்டீர்கள். பினாஃப்தலீன் என்ற நிறங்காட்டி ரசாயனத்தின் தெளிப்பில் கான்கிரீட் இளஞ்சிவப்பானால் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு. நிறம் மாறாவிட்டால் அந்த ஆழம்வரை பாதுகாப்பு போய்விட்டது. ஆனால் இது உப்பைக் காட்டாது. கடலோரத்தில் குளோரைடு சோதனையும் வேண்டும். கம்பியின் மின்னழுத்தம் பார்க்கும் அரைமின்கல அளவீட்டில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதம் வாய்ப்பு. கான்கிரீட் வழியே மீயொலி ஓடும் வேகம் நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் நல்லது, 3-க்குக் கீழ் சந்தேகம் என்பது நெடுநாள் அளவுகோல். ரீபவுண்டு சுத்தியல் (தட்டித் திரும்பி எழும் அளவைக் காட்டும் கருவி) ஒன்றை மட்டும் தட்டிவிட்டு வலு சொன்னால் ஏற்காதீர்கள். அதில் 25 சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். காரம் போன பழைய கான்கிரீட்டில் உண்மையைவிடக் கூட்டியே காட்டும்.

அறிகுறி: பீமிலும் தளத்திலும் கீறல், தொய்வு

பீமின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேலே ஏறும் முடிக்கீறல், 0.3 மி.மீ.க்குள் இருந்தால், கம்பி வேலை செய்வதன் இயல்பான அடையாளம். பில்லரை ஒட்டிய முனையில் 45 பாகை சாய்வாக விழும் கீறல் முற்றிலும் வேறு. அது மெல்லியதாக இருந்தாலும் அன்றே அழையுங்கள். இந்த வகை உடைப்பு எச்சரிக்கை காலம் தராது.

தொய்வை அளக்க, பீமின் இரு முனையிலும் ஒரே கனத்தில் கட்டை வைத்து, அடியில் நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 456 அனுமதிப்பது நீளத்தில் 250-இல் ஒரு பங்கு. 4 மீட்டர் பீமுக்கு 16 மி.மீ. கான்கிரீட் போடும்போதே சென்டிரிங் பலகை தொய்ந்திருக்கவும் கூடும் என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள்.

வெறும் நீர்க்கசிவு மட்டும் என்றால் அது நீர்க்காப்பு வேலை.

அறிகுறி இல்லாமலே அழைக்க வேண்டிய வேளைகள்

மாடி ஏற்றுவது முதலாவது. 9 இஞ்ச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கே 1.3 டன்னைத் தாண்டும். 5 இஞ்ச் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. பழைய அஸ்திவாரத்தைக் குறைந்தது இரண்டு இடத்தில் தோண்டிப் பார்க்காமல் "தாங்கும்" என்று சொல்லும் யாரும் ஊகிக்கிறார்கள்.

ஹாலைப் பெரிதாக்கச் சுவர் எடுப்பது, பில்லர் வீட்டில் சில நேரம் எளிது, சுவர் தாங்கும் வீட்டில் ஒருபோதும் எளிதில்லை. பீமைத் துளைத்துக் கழிவுநீர்க் குழாய் விடுவதையும் பிளம்பர் முடிவுக்கு விடாதீர்கள். மொட்டைமாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ நடமாட்டப் பாரத்துக்குக் கணக்கிடுவார்கள். ஓரடி ஈர மண் போட்ட தோட்டம் 550 கிலோவைத் தொடும். சோலார் பேனலுக்கு எடை பெரிய விஷயமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அது தளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்தான் விஷயம்.

பழைய வீடு வாங்கும்போது, முன்பணம் கொடுக்கும் முன் காட்டுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டுக்கு இரட்டைக் கவனம். 2021 நவம்பர் வெள்ளம் போல அஸ்திவாரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றால், வடிந்ததும் ஒரு சுற்று டியூப் லெவல் பிடித்துப் பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.

யாரை, எப்படி

வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருபவரும், கட்டித் தருபவரும் ஊரில் இன்ஜினியர் என்றே அழைக்கப்படுவார்கள். நீங்கள் தேடுவது கட்டமைப்புக் கணக்குப் போடுகிறவரை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களைத் தனிப் பதிவாக வைத்திருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து திருவனந்தபுரத்து ஆளை அழைப்பதில் தவறில்லை, ஆலோசனைக்கு எல்லை கிடையாது. ஆனால் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கொடுக்க வேண்டிய சான்று என்றால் கையெழுத்திடுபவருக்குத் தமிழ்நாட்டுப் பதிவு இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கும் ஒப்பந்தமும் அவருக்கே என்றால் கூடிய மட்டும் தவிருங்கள். பார்ப்பவர் வேறு, செய்பவர் வேறாக இருப்பது நல்லது. வாட்ஸப் படம் பார்த்தே பில்லருக்கு ஜாக்கெட்டிங் (சுற்றிலும் புது உறை போட்டு வலுவூட்டுவது) சொல்கிறவரும், எடுத்த எடுப்பில் ஒரு கம்பெனி ரசாயனத்தின் பெயர் சொல்கிறவரும் வேண்டாம்.

அவர் வரும் நாளுக்கு ஏணி, மாடிச் சாவி, பழைய வரைபடம், கான்கிரீட் போட்ட அன்று எடுத்த படங்கள், கம்பி வாங்கிய பில், நீங்கள் எழுதிய அளவுகள் தயாராக இருக்கட்டும். விரிசல் ஓடும் சுவரில் ஒட்டிய அலமாரியை நகர்த்திவையுங்கள். தட்டிப் பார்க்கவும் ஓரிரு இடம் கொத்தவும் அனுமதியுங்கள். கொத்த விடாத வீட்டுக்கு நல்ல அறிக்கை தர முடியாது.

அறிக்கையில் காரணம், அதற்கான ஆதாரம், அவசர வரிசை, எந்தக் கம்பி எத்தனை மி.மீ. எத்தனை என்ற வரைபடம், ஜாக்கி வைக்கும் எடுக்கும் வரிசை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கொத்தனார் அந்தத் தாளைப் பார்த்தே வேலை செய்ய முடிகிறதா என்று அவரிடமே கேளுங்கள். முடியவில்லை என்றால் இன்ஜினியரிடம் திருப்பிக் கொடுங்கள். கம்பி வெளியே தெரியும் கட்டத்தில், மூடுவதற்கு முன் அவர் ஒரு முறை வந்து பார்ப்பதையும் கட்டணத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் ஆணிகளைப் பிடுங்க வேண்டாம். அடுத்த சாரலும் அடுத்த ஐப்பசியும் தாண்டும்வரை அதே இடங்களில் அளந்து, அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.